ராத்திரி ஜாப் வரிசையா ஓடாம மக்கர் பண்ணுதா? என்ன தெரியுதுன்னு பாத்து அங்கிருந்து பிடிங்க

நான் பெங்களூருல மடிவாளா பக்கம் தங்கி ஒரு டேட்டா டீம்ல வேலை பாக்குறேன், சொந்த ஊரு தர்மபுரி. ராத்திரி 2 மணிக்கு மேல தானா ஓடுற ப்ரோக்ராமுங்களை, அதாவது ஜாபுங்களைப் பாத்துக்கறதுதான் என் வேலை. ஒரு இடத்துல இருந்து டேட்டாவை எடுக்கணும், சுத்தம் பண்ணி மாத்தணும், டேபிள்ல ஏத்தணும், காலைல 8 மணிக்குள்ள ரிப்போர்ட் மெயில் அனுப்பணும். எடு, மாத்து, ஏத்து, அனுப்பு, நாலே வேலைதான். டீம்ல புதுசா சேர்ற பசங்க எல்லாரும் ஒரே கேள்வியோட வருவாங்க, "அக்கா, கோட்ல ஒண்ணுமே மாத்தல, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு, இன்னிக்கு ஏன் இப்படி?" அவங்களுக்கு பக்கத்துல உக்காந்து வாயால சொல்லிட்டு இருந்ததைத்தான் இங்க எழுதுறேன், உங்களுக்கு என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க.

போறதுக்கு முன்னாடி ஒண்ணு. "இது முடிஞ்சதும் அது"ன்னு வரிசை வச்சா பத்தாது, "இது சரியா முடிஞ்சா மட்டும் அது"ன்னு இருக்கணும். சரியா முடிஞ்சுதான்னு ஒரு வேலை அடுத்த வேலைக்கு சொல்ற வழி எக்ஸிட் கோட். 0 வந்தா நல்லபடி முடிஞ்சுது, வேற எந்த நம்பர் வந்தாலும் கோளாறு. நான் பாத்த கேஸ்ல பாதிக்கு மேல அந்த நம்பர் தப்பா வந்திருக்கும், இல்லன்னா வந்த நம்பரை யாருமே கேட்டிருக்க மாட்டாங்க. அதனால லாக் எல்லாம் தோண்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஸ்டெப்பையும் கையால ஓட்டி, முடிஞ்ச கையோட `எக்கோ $?` அடிச்சுப் பாருங்க. கையோடன்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு, நடுவுல வேற ஒரு கமாண்ட் அடிச்சிட்டா அதோட நம்பர்தான் வரும்.

முதல் ஸ்டெப் ஃபெயில், ஆனா அடுத்தது பாட்டுக்கு ஓடிருச்சு

ஸ்க்ரிப்டைத் திறந்து நடுவுல என்ன குறி போட்டிருக்குன்னு பாருங்க.

`எடு; மாத்து; ஏத்து`

அரைப்புள்ளி போட்டா முன்னாடி இருந்தது செத்தாலும் பிழைச்சாலும் அடுத்தது ஓடும், தனித்தனி வரியா எழுதினாலும் அதே கதைதான். வேண்டியது இது:

`எடு && மாத்து && ஏத்து`

ஸ்க்ரிப்ட் பெருசுன்னா ஒவ்வொரு வரிக்கும் இப்படி போட முடியாது, ஸ்க்ரிப்டோட முதல் வரியான ஷெபாங் வரிக்கு அடுத்தாப்ல செட் மைனஸ் ஈ போட்டுடுங்க, எந்த வரி ஃபெயில் ஆனாலும் அங்கயே நின்னுடும். இதுல ஒரு ஓட்டை இருக்கு, இஃப் கண்டிஷனுக்குள்ள இருக்குற கமாண்டுக்கும் && குறிக்கு இடது பக்கம் இருக்குற கமாண்டுக்கும் இந்த செட்டிங் வேலை செய்யாது. ஒரு ஃபங்ஷனை இஃப்க்குள்ள கூப்பிட்டீங்கன்னா அந்த ஃபங்ஷன் முழுக்கவே செட் மைனஸ் ஈ செத்துப்போயிடும், நடுவுல எது ஃபெயில் ஆனாலும் கண்டுக்காம ஓடும். இது தெரியாம ஒரு வாரம் முழுக்க அலைஞ்சவங்களை நான் பாத்திருக்கேன்.

ஏர்ஃப்ளோல (ஜாபுங்களை வரிசைப்படுத்தி ஓட்டுற டூல்) பாஷ் ஆபரேட்டர் (பாஷ் கமாண்டை ஓட்டுற டாஸ்க்) வச்சிருக்கீங்கன்னா அங்கயும் இதேதான். ஒரு டாஸ்க்குள்ள நாலு கமாண்ட் வரிசையா எழுதினா கடைசி கமாண்டோட நம்பரைத்தான் அது பாக்கும், முதல் மூணும் ஊத்திக்கிட்டாலும் கடைசில ஒரு எக்கோ ஓடிருந்தா டாஸ்க் பச்சைதான், அதாவது சக்சஸ். அதுக்குள்ளயும் முதல் வரியா செட் மைனஸ் ஈ போடுங்க, இல்லன்னா நாலையும் நாலு டாஸ்கா பிரிச்சிடுங்க. எனக்கு பிரிக்கறதுதான் பிடிக்கும், எது உடைஞ்சுதுன்னு ஸ்க்ரீனைப் பாத்ததுமே தெரியும்.

எல்லாமே பச்சை, ஆனா டேபிள் காலி

இதுதான் இருக்குறதுலயே மோசமானது, ஏன்னா யாருக்கும் அலர்ட் வராது. டீம்ல இருக்குற திருவண்ணாமலை தம்பி ஒரு நாள் காலைல பதறிப்போய் கூப்பிட்டான், "அக்கா, ஏர்ஃப்ளோல நாலு டாஸ்கும் பச்சை, ஆனா டேபிள்ல ஒரு ரோ கூட இல்லக்கா". "பயப்படாதடா, எடுக்குற ஸ்டெப்புல எங்கயாவது பைப் குறி இருக்கா பாரு"ன்னேன். இருந்துச்சு. லாக் ஸ்க்ரீன்லயும் வரணும் ஃபைல்லயும் வரணும்னு யாரோ இப்படி எழுதி வச்சிருந்தாங்க:

`எடு | டீ எடு.லாக்`

பைப் (ஒரு கமாண்ட் எழுதுறதை அடுத்த கமாண்டுக்குக் குடுக்குற | குறி) போட்டா மொத்த வரிக்கும் கடைசி கமாண்டோட எக்ஸிட் கோட்தான் வரும். இங்க கடைசி கமாண்ட் டீ. எடுக்குற ப்ரோக்ராம் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் மாறிப்போய் 1 குடுத்து செத்துருச்சு, டீக்கு அதைப் பத்தி என்ன தெரியும், வந்த எரர் மெசேஜை ஒழுங்கா ஃபைல்ல எழுதிட்டு 0 குடுத்துட்டுப் போயிருச்சு. லாக் ஃபைல்ல எரர் அப்படியே உக்காந்திருக்கு, மேல டாஸ்க் பச்சையா இருக்கு. செட் மைனஸ் ஈ போட்டிருந்தாலும் இதைப் பிடிச்சிருக்காது. பைப்ஃபெயில்ங்கற ஆப்ஷனும் சேத்து இருக்கணும், அதுக்குத்தான் எல்லாரும் செட் மைனஸ் ஈ யூ ஓ பைப்ஃபெயில்னு ஒரே வரியா போடுறது. நடுவுல இருக்குற யூ எதுக்குன்னா, மதிப்பே குடுக்காத வேரியபிளைத் தொட்டா உடனே நிறுத்தும். போல்டர் பேர் வர வேண்டிய வேரியபிள் காலியா இருந்து அதை நம்பி ஒரு டெலீட் கமாண்ட் ஓடினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, அப்போ இந்த ஒரு எழுத்தோட அருமை தெரியும்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல (கிட்ஹப்ல வச்ச கோடைத் தானா ஓட்டுற வசதி) ஓட்டுறவங்க ஒண்ணைக் கவனிக்கணும். ஷெல் (கமாண்டை வாங்கி ஓட்டுற ப்ரோக்ராம்) எதுன்னு நீங்க எதுவும் சொல்லலன்னா லினக்ஸ் ரன்னர்ல (ஓட்டுற மெஷின்) அது பாஷை மைனஸ் ஈ மட்டும் போட்டு ஓட்டும், பைப்ஃபெயில் இருக்காது. ஷெல் பாஷ்னு நீங்களே ஒரு வரி எழுதினாத்தான் பைப்ஃபெயிலும் சேந்து வரும். ரெண்டுமே பாஷ்தானே, எழுதலன்னா என்னன்னு விட்டுடாதீங்க.

பைப்பே இல்ல, ஆனாலும் இதே அறிகுறி வருதுன்னா பைத்தான் கோடைப் பாருங்க. ட்ரை போட்டு எக்செப்ட்ல எரரை ப்ரிண்ட் மட்டும் பண்ணிட்டு விட்டிருப்பாங்க, ப்ரோக்ராம் 0ல தான் முடியும். பிடிச்ச எரரை லாக் பண்ணிட்டு மறுபடி ரெய்ஸ் பண்ணுங்க. அது போக, ஏத்துற ஸ்டெப்புக்கு அப்புறம் ஒரு சின்ன செக் டாஸ்க் வைங்க, இன்னிக்குத் தேதிக்கு எத்தனை ரோ இருக்குன்னு எண்ணிப் பாத்து 0ன்னா ஃபெயில் ஆகட்டும். எங்க பைப்லைன் எல்லாத்துலயும் இப்போ அது இருக்கு.

டேட்டா வந்திருக்கு, ஆனா பாதிதான்

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சில்க் போர்டுல பஸ் ஏறி ஊருக்குப் போயிட்டேன். சனிக்கிழமை காலைல 8 மணிக்கு மேல போன், ரிப்போர்ட்ல விற்பனை பாதிக்கும் கீழ காட்டுது, எந்தக் கடையும் மூடலையே, என்ன ஆச்சுன்னு. அம்மா வீட்டுத் திண்ணைல லேப்டாப்பை வச்சு போன் ஹாட்ஸ்பாட் போட்டு உக்காந்தேன். எல்லா ஜாபும் பச்சை, எக்ஸிட் கோட் எல்லாம் நிஜமாவே 0. ஏத்தின ஃபைலைத் திறந்து கடைசி வரியைப் பாத்தா இப்படி இருந்துச்சு:

`கோயம்புத்தூர்,641`

பின்கோடு ஆறு இலக்கம் வரணும், மூணோட அறுந்து நிக்குது. அதைப் பாத்ததும் புரிஞ்சுருச்சு. அந்த ஃபைலை வெளிய இருந்து ஒரு கம்பெனி எஸ்எஃப்டிபில (நெட் வழியா ஃபைல் அனுப்புற வழி) அனுப்புவாங்க, வழக்கமா 1 மணிக்கு வந்துடும், நம்ம ஜாப் 2 மணிக்கு கிரான்ல (குறிச்ச மணிக்கு ஜாபைக் கிளப்புற லினக்ஸ் டூல்) எடுக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி இருக்கே, போதும்னு யாரோ முடிவு பண்ணி வச்சது. அன்னிக்கு அவங்க பக்கம் லேட், 1:50க்குத்தான் அனுப்ப ஆரம்பிச்சிருக்காங்க, 2 மணிக்கு ஃபைல் இன்னும் வந்துட்டே இருக்கு, நம்ம ஜாப் அது வரைக்கும் வந்ததைப் படிச்சு அதுதான் முழுசுன்னு நினைச்சு ஏத்திருச்சு.

கடிகாரத்தை நம்பி வரிசை கட்டினா என்னிக்காவது ஒரு நாள் இது நடந்தே தீரும். இடைவெளியை ஒரு மணில இருந்து ரெண்டு மணியாக்கினா சரியாப் போயிடும்னு அன்னிக்கே ஒருத்தர் சொன்னாரு, நான் ஒத்துக்கல, ஏன்னா அது அடுத்த தடவை உடையற தேதியைத் தள்ளிப் போடுறது மட்டும்தான்.

சரி பண்ண வேண்டியது எழுதுற பக்கம். ஃபைலை வேற ஒரு தற்காலிகப் பேர்ல எழுதணும், கடைசில டாட் டெம்ப்னு முடியற மாதிரி வச்சுக்கலாம், முழுசா எழுதி முடிச்ச அப்புறம் நிஜப் பேருக்கு எம்வி பண்ணணும். ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள்ள பேர் மாத்துறது ஒரே வெட்டா நடக்கும், படிக்கிறவங்களுக்கு ஒண்ணு ஃபைலே தெரியாது, இல்லன்னா முழு ஃபைல் தெரியும், பாதி ஃபைல் கண்ணுல படவே படாது. ஆனா ஒரே ஃபைல்சிஸ்டம்ங்கறதை மறந்துடாதீங்க. டெம்ப் போல்டர் நிறைய சர்வர்ல தனி ஃபைல்சிஸ்டமா இருக்கும், அங்க எழுதி இங்க எம்வி பண்ணா உள்ளுக்குள்ள காப்பி பண்ணி அழிக்கறதுதான் நடக்கும், மறுபடியும் பாதி ஃபைல் பிரச்சனை. எங்க போகணுமோ அதே போல்டர்லயே டெம்ப் பேர்ல எழுதுங்க.

அனுப்புறவங்க மாத்த மாட்டேன்னு சொன்னாங்கன்னா, ஃபைல் முடிஞ்ச அப்புறம் சைஸே இல்லாத ஒரு அடையாள ஃபைலையாவது அனுப்பச் சொல்லுங்க. ஹடூப்லயும் (பெரிய டேட்டாவைக் கையாளுற சாஃப்ட்வேர்) இதே பழக்கம்தான், ஜாப் முடிஞ்சதும் அவுட்புட் போல்டர்ல சக்சஸ்னு ஒரு காலி ஃபைல் வந்து உக்காரும். உங்க ஜாப் டேட்டா ஃபைலுக்குக் காத்திருக்காம அந்த அடையாள ஃபைலுக்குக் காத்திருக்கட்டும். அந்தக் கம்பெனி கடைசில இதுக்கு ஒத்துக்கிட்டாங்க, கூடவே அந்த ஃபைலுக்குள்ள எத்தனை வரின்னு ஒரு நம்பரும் எழுதி அனுப்புறாங்க, நாங்க எண்ணிப் பாத்துட்டுத்தான் ஏத்துறோம்.

கையால ஓட்டினா ஓடுது, கிரான்ல போட்டா ஓடல

எக்ஸிட் கோட் 127ஆ? அப்போ கமாண்டே கிடைக்கலன்னு அர்த்தம். கிரான் உங்க பாஷ்ஆர்சியைப் (டெர்மினல் திறந்ததும் ஓடுற செட்டிங் ஃபைல்) படிக்காது, அதோட பாத்ல (கமாண்டைத் தேடுற போல்டர் லிஸ்ட்) ரெண்டு மூணு போல்டர்தான் இருக்கும், நீங்க போட்டு வச்ச பைத்தான் என்விரான்மென்ட் எல்லாம் அதுக்குத் தெரியாது. முழு பாதையையும் எழுதுங்க. 126ன்னா ஃபைல் இருக்கு, ஓட்ட பெர்மிஷன் இல்ல.

ஷெல்லும் வேற. கிரான் எஸ்ஹெச்லதான் ஓட்டும், உபுண்டுல எஸ்ஹெச்னா டேஷ், பாஷ் கிடையாது, ரெட்டை சதுர அடைப்புக்குறி போட்ட இஃப் எல்லாம் அதுக்குப் புரியாது. கிரான் டேப் வரிலயே தேதி ஃபார்மட் எழுதினீங்கன்னா இன்னொரு வம்பு, % குறியை கிரான் புது வரின்னு எடுத்துக்கும், வரி அங்கயே வெட்டுப்பட்டுடும், முன்னாடி ஒரு பேக்ஸ்லாஷ் போடணும். இதெல்லாம் வேண்டாம்னா கிரான்ல ஒரே ஒரு ஸ்க்ரிப்ட் பேரை மட்டும் போட்டுட்டு மத்ததெல்லாம் அந்த ஸ்க்ரிப்டுக்குள்ள வைங்க.

ஒரு ஸ்டெப் இன்னிக்குத் தேதி, அடுத்த ஸ்டெப் நேத்துத் தேதி

இது நம்ம ஊருக்குன்னே வர்ற பிரச்சனை. சர்வர் யூடிசில (உலகப் பொது நேரம்) இருக்கும், நாம அதைவிட 5:30 மணி நேரம் முன்னாடி. ராத்திரி 2 மணிக்கு ஓடுற ஜாபுக்கு சர்வர் கணக்குல முந்தின நாள் 20:30. அதாவது பரவாயில்ல, எப்பவும் ஒரே மாதிரி தப்புன்னா கண்டுபிடிச்சுடலாம். கஷ்டமானது, சர்வர்ல நாள் மாறுறது நமக்கு விடியக்காலை 5:30க்கு. 5:20க்கு எடுக்குற ஸ்டெப் ஆரம்பிச்சு ஃபைல் பேர்ல 14ன்னு தேதி போட்டுச்சு, அடுத்த ஸ்டெப் 5:35க்கு ஆரம்பிச்சு தானே தேதி கேட்டு 15ன்னு ஃபைலைத் தேடுச்சு, இல்லன்னு செத்துருச்சு. தினமும் வராது, ஜாப் லேட்டாகற நாள்ல மட்டும் வரும், அதனாலதான் பிடிக்க முடியாம கடுப்பாகும்.

ஒவ்வொரு ஸ்டெப்பும் தானா தேதி கேக்கறதை நிறுத்துங்க. வரிசையோட ஆரம்பத்துல ஒரே ஒரு தடவை தேதியை எடுத்து எல்லா ஸ்டெப்புக்கும் பாராமீட்டரா குடுங்க. ஏர்ஃப்ளோல லாஜிக்கல் டேட்னு அதுவே வச்சிருக்கு, அதை எடுத்துக்கோங்க.

நேத்து ஓட ஆரம்பிச்சதே முடியல, இன்னிக்கு ஓட்டமும் கூட சேந்து ஓடுது

கிரான் முந்தின ஓட்டம் முடிஞ்சுதான்னு பாக்காது, மணி ஆனா கிளப்பி விட்டுடும். கமாண்டுக்கு முன்னாடி எஃப்லாக் மைனஸ் என் போட்டு ஒரு லாக் ஃபைல் பேர் குடுங்க, ஏற்கெனவே ஓடிட்டு இருந்தா புதுசு உடனே ஒதுங்கிடும். ஃபைல் இருக்கா இல்லையான்னு பாத்து நீங்களே கையால பூட்டு எழுதாதீங்க, ஜாப் நடுவுல செத்தா அந்த ஃபைல் அங்கயே கிடக்கும், அப்புறம் எந்த ஓட்டமும் கிளம்பாது. எஃப்லாக்கா இருந்தா ப்ராசஸ் செத்ததும் லினக்ஸோட மையமான கர்னலே பூட்டைத் திறந்துடும். குபர்நெட்டிஸ் வச்சு ஓட்டுறவங்களுக்கு, அதோட கிரான்ஜாப்ல கன்கரன்சி பாலிசி (ஒரே நேரத்துல ரெண்டு ஓட்டம் ஓடலாமான்னு சொல்ற செட்டிங்) சும்மா விட்டா அலோ, அதை ஃபார்பிட்னு மாத்துங்க. ஏர்ஃப்ளோல ஒரே நேரத்துல எத்தனை ஓட்டம்ங்கறதை 1ன்னு வைங்க.

ஏர்ஃப்ளோல அடுத்த டாஸ்க் கிளம்பவே மாட்டேங்குது

நிறத்தைப் பாருங்க. ஆரஞ்சுன்னா மேல இருக்குற டாஸ்க் ஃபெயில், இது என்னன்னு நோண்டாதீங்க, மேல போங்க. பிங்க்னா ஸ்கிப் ஆயிருக்கு. பிராஞ்ச் பிரிஞ்சு மறுபடி சேர்ற இடத்துல இது நிறைய வரும், ஏன்னா டீஃபால்ட் ட்ரிகர் ரூல் மேல இருக்குற எல்லாமே சக்சஸ் ஆகணும்னு கேக்கும், ஒரு கிளை ஸ்கிப்னா சேர்ற டாஸ்கும் ஸ்கிப் ஆயிடும். அந்த இடத்துல "ஒண்ணும் ஃபெயில் ஆகக் கூடாது, ஒண்ணாவது சக்சஸ் ஆகணும்"ங்கற ரூலை வைங்க. அவசரத்துல "எல்லாம் முடிஞ்சா போதும்"ங்கற ரூலை வச்சிடாதீங்க, மேல ஃபெயில் ஆனாலும் அது ஓடிடும், நாம முதல் தலைப்புல சரி பண்ணதெல்லாம் வீண்.

வேற டேக் (DAG, டாஸ்குங்களோட ஒரு முழு வரிசை) முடியறதுக்காக ஒரு சென்சார் (காத்திருக்கறதையே வேலையா வச்சிருக்குற டாஸ்க்) காலம்பூரா காத்துக்கிட்டே இருக்குன்னா ரெண்டோட ஷெட்யூலையும் பாருங்க. சென்சார் தன்னோட லாஜிக்கல் டேட்டையே அங்கயும் தேடும், அந்த டேக் 1 மணிக்கு, உங்களுது 2 மணிக்குன்னா ரெண்டும் என்னிக்கும் ஒண்ணாகாது, ஒரு மணி நேர வித்தியாசத்தை எக்ஸிக்யூஷன் டெல்டால சொல்லணும். சென்சாருங்க நிறைய இருந்தா மோடை ரீஷெட்யூல்னு மாத்துங்க, இல்லன்னா காத்திருக்கற சென்சாருங்களே எல்லா ஒர்க்கர் இடத்தையும் பிடிச்சுக்கும், எதுக்காகக் காத்திருக்கோ அந்த டாஸ்குக்கு ஓட இடம் இருக்காது.

லிஸ்ட்ல 12 சர்வர், முதல் சர்வரோட நின்னுருச்சு, எரரும் இல்ல

வைல் லூப்ல ஃபைலை வரி வரியா படிச்சு உள்ள ஒவ்வொரு சர்வருக்கும் போக எஸ்எஸ்ஹெச் போடுறீங்களா? மிச்ச 11 வரியையும் எஸ்எஸ்ஹெச் தன்னோட இன்புட்னு நினைச்சு முழுங்கிடும். எஸ்எஸ்ஹெச்க்கு மைனஸ் என் போடுங்க, தீர்ந்துச்சு.

முன்னாடி ஜாப் எழுதின ஃபைல் அடுத்த ஜாப்ல காணோம்

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல ஸ்டெப்புங்க வரிசையா ஓடும், ஜாபுங்க அப்படி இல்ல, நீங்க நீட்ஸ்னு (எந்த ஜாப் முதல்ல முடியணும்னு சொல்ற வரி) சொல்லலன்னா எல்லாம் ஒரே நேரத்துல கிளம்பும். நீட்ஸ் போட்டாலும் ஒவ்வொரு ஜாபும் கிட்ஹப் குடுக்குற புது மெஷின்ல ஓடும், ஃபைலை ஆர்டிஃபாக்டா ஏத்தி அடுத்த ஜாப்ல இறக்கணும். ஜென்கின்ஸ்ல ஒரு எஸ்ஹெச் ஸ்டெப்புல சிடி பண்ணதும் எக்ஸ்போர்ட் பண்ணதும் அடுத்த எஸ்ஹெச் ஸ்டெப்புக்கு வராது, ஒவ்வொண்ணும் தனி ஷெல்.

எந்த எரரும் எழுதாம நடுவுல செத்துருது, கோட் 137

128ஐக் கழிச்சா 9, அதாவது கில் சிக்னல். பெரும்பாலும் மெமரி பத்தாம கர்னல் போட்டுத் தள்ளியிருக்கும், கர்னலோட மெசேஜைக் காட்டுற டிமெசேஜ்ல பாருங்க. 143 வந்தா கழிச்சா 15, யாரோ மரியாதையா நிறுத்தச் சொல்லிருக்காங்க, டைம்அவுட்டா இருக்கலாம்.

மறுபடி ஓட்டினேன், எல்லாம் ரெண்டு மடங்காயிருச்சு

மேல எதை சரி பண்ணாலும் கடைசில ரீரன் பண்ணித்தான் ஆகணும், அதனால இதை விட்டுடாதீங்க. ஏத்துற ஸ்டெப் சும்மா இன்சர்ட் மட்டும் பண்ணுதுன்னா ஒவ்வொரு ரீரனுக்கும் அதே ரோ மறுபடி சேரும், தானா ரீட்ரை செட் பண்ணிருந்தா உங்களுக்குத் தெரியாமயே சேரும். அந்தத் தேதிக்கு இருக்குற ரோவை எல்லாம் அழிச்சிட்டு புதுசா போடுற மாதிரி எழுதுங்க, அழிக்கறதும் போடுறதும் ஒரே ட்ரான்சாக்‌ஷனுக்குள்ள இருக்கணும், நடுவுல செத்தா பழைய டேட்டாவாவது இருக்கும். பத்து தடவை ஓட்டினாலும் ஒரு தடவை ஓட்டின மாதிரியே இருக்கணும்.

மெயில் அனுப்புற ஸ்டெப்புக்கு இது செல்லாது, போன மெயிலை அழிக்க முடியாது. அதனால மெயில் போனதும் தேதியோட ஒரு வரி தனி டேபிள்ல எழுதி வைக்கிறோம், அனுப்பறதுக்கு முன்னாடி அந்த வரி இருக்கான்னு பாக்கும், இருந்தா அனுப்பாது. மெயில் போயி, அந்த வரி எழுதறதுக்குள்ள ஜாப் செத்தா மெயில் ரெண்டாவது தடவை போகும். வரியை முதல்ல எழுதிட்டு அப்புறம் மெயில் அனுப்பலாமேன்னு தம்பி கேட்டான், அப்படி வச்சா நடுவுல செத்த அன்னிக்கு மெயிலே போகாது, வரி மட்டும் போயிருச்சுன்னு சொல்லும். காலைல ஒரே ரிப்போர்ட் ரெண்டு தடவை வந்தா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல, வரவே இல்லன்னா கடைக்காரங்க அன்னிக்கு ஸ்டாக் ஆர்டர் போட முடியாது, அதனால நாங்க மெயில் முதல்ல, வரி அப்புறம்னு வச்சிருக்கோம்.